பிலோமிக்கு, மந்திரப் பள்ளிக்கூடம் ரெண்டாம் பாகம் பாத்த விசயம்

எனக்க பொன்னு தங்கச்சி பிலோமி,

நீ மோட்சத்துல சொகமா இருப்பேன்னு எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. இஞ்ச நாங்களும் சொகம். உனக்க ஆண்டுப் பூசைக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அதுக்குள்ள நான் ஒரு காரியம் செஞ்சுட்டேன். ஊர்க்காரிய சொல்லி நீ அறியதுக்கு முன்ன நானே சொல்லுதேன். உனக்க மவ ஷைனியக் கூட்டிட்டு மார்த்தாண்டத்துல போயி சினிமா பாத்தேன்.

மொறைக்காத ஏட்டி. முழுசும் கேளு.

நம்ம கடப்பொறத்துல துக்க வீடுன்னா எப்படின்னு உனக்குத் தெரியாதா? ஆண்டு முடியது வர டிவி போடப்பிடாது, கல்யாண வீட்டுப் பக்கம் தல காட்டப்பிடாது. நான் ஒண்ணையும் விடல்ல. அந்த வைராக்கியத்துல ஒரு தப்பும் செஞ்சு போட்டேன். உன்ன அடக்கம் பண்ணி ஒம்பதாம் நாளு, செபம் சொல்ல வந்த உபதேசியாருக்க செருப்ப ஒரு நாய் கவ்விட்டு ஓடிச்சு. அவரு வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு பொறத்தால ஓடினாரு. உனக்க மவ கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டா. நான் தொடையில ஒரு கிள்ளு கிள்ளி, "தாயக் குழியில வச்சுட்டு பல்லக் காட்டுதியா"ன்னு கேட்டேன்.

பத்து வயசுப் பிள்ள. அண்ணைக்கு அடச்ச வாய்தான். பள்ளிக்கூடம் போவா, வருவா, மீன்கறி வச்சா தின்னுவா. சிரிக்க மட்டும் மாட்டா. நான் எதாவது தமாசு சொன்னாலும் என் மொகத்தப் பாத்துட்டு தலயக் குனிஞ்சுக்கிடுவா. மனசுல எனக்கு வந்த வெப்ராளம் கொஞ்சமா?

அப்பத்தான் புதுக்கடை முக்குல அந்த போஸ்டரக் கண்டோம். நீயும் அவளுமா மொத பாகம் பாத்தியளே, அந்த மந்திரப் பள்ளிக்கூடப் படம். கடைசியில பள்ளிக்கூடமே வானத்துல மெதந்து போயிருமாம், அதுல படிக்க குட்டி ஒருத்தி மட்டும் கீழ நிண்ணுருவாளாம். ரெண்டாம் பாகம் வரட்டு, சேந்து போலாம்னு நீ சொல்லியிருந்தியாமே. பஸ் வந்து நிண்ணும் ஷைனி ஏறல்ல. "பெரியம்மா, அவ மேல ஏறினாளா இல்லையான்னு தெரியாமலே அம்மா போயிட்டால்லா"ன்னு கேட்டா. நம்ம போயிப் பாக்கலாமான்னு அவளே கேட்டா.

சவுதியில மீன்பிடி போட்டுல கெடக்க உனக்க மாப்பிளைக்கு போனப் போட்டேன்.

"மயினி, அவளா வாயத் தொறந்து கேட்டாளா?"

"கேட்டா."

"அப்பம் நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. பிலோமிகிட்ட நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன்."

சொன்னானா உனக்கிட்ட?

ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு கெளம்பினோம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவச் சொல்லணுமா? "அக்கா, துக்கத்துக்குக் கெட்டின கறுப்புச் சேலையோட மந்திரப் படத்துக்கா? உங்களயும் அங்க வாத்திச்சின்னு சேத்துக்கிடப் போறாவ"ன்னு ஒரு நக்கல். நான் பைய இடுக்கிட்டு நடந்தேன். பையில செபமாலையும் தீர்த்தக் குப்பியும் இருந்துது. தியேட்டர்ல எங்க ரெண்டு சீட்டுலயும் தீர்த்தம் தெளிச்சுட்டுத்தான் இருந்தேன்.

ஏட்டி, நல்லாத்தான் இருந்துது. படமும் தமிழ்லயே பேசிச்சு. பிள்ளைய கரும்பலகையில ஏறி உக்காந்து பறக்குதுவ. சோறு தானா தட்டுல வந்து விழுது. எனக்கு அந்த மந்திரம் மட்டும் போதும். சாத்தான் வருவான் வருவான்னு பாத்துட்டிருந்தேன், ஒருத்தனயும் காணல்ல.

கடைசியிலதான் வந்துது பாரு. வானத்துல நிக்க பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு நூலேணி தொங்குது. அந்தக் குட்டி ஏறுதா. பாதி ஏறினப்பம் கயிறு அறுந்து, ஒத்தக் கையில தொங்குதா. ஷைனி எனக்க கையப் பிடிச்சா பாரு, நகம் பதிஞ்சு போச்சு. எனக்கு நெலகொள்ளல்ல. தாயில்லாப் பிள்ள மாதிரி அந்தரத்துல தொங்குதே. நான் சீட்டுல இருந்து எறங்கி முட்டுக்குத்தி நிண்ணு, கோயில்ல சொல்லுகது போல ஒறக்க, "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு ஆரம்பிச்சுட்டேன்.

ஒருத்தி பாதி செபம் சொன்னா மீதிய கூட்டம் சொல்லணும்லா நமக்கு? தியேட்டர்ல பாதிப்பேரு நம்ம கடப்பொறத்துச் சனம். பின்வரிசையில இருந்து நாலு பொம்பளைய மீதியச் சொல்லிட்டாளுவ. அடுத்த தடவ பத்துப் பேரு. மூணாவதுல ஆம்பளைகளும் சேந்தாச்சு. சைடுல ஒருத்தரு, "ஏலே, இது சினிமாக்கொட்டகையா குருசடிக் கோயிலா"ன்னு கேட்டாரு. நாங்க நிறுத்தல்ல. அஞ்சாவது மரியேக்கு குட்டி மேல ஏறிட்டா. தியேட்டரே கை தட்டிச்சு.

நான் நிமிந்து பாத்தா உனக்க மவ சீட்டுல சுருண்டு கெடக்கா. பயந்துட்டேன். பாத்தா சிரிக்கா. விக்கல் வர வர, கண்ணுல தண்ணி வடிய சிரிக்கா. "பெரியம்மா, நீங்கதான் அவள ஏத்தி விட்டிய"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. அங்க இருந்து உனக்குக் கேட்டுதா பிலோமி?

அடுத்த சனிக்கிழம பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஃபாதர், துக்கம் தீரதுக்கு முன்ன மந்திரப் படம் பாத்துட்டேன்"னு சொல்லி, ஏன் போனேன்னு ஒண்ணுவிடாமச் சொன்னேன். அவரு, "படம் கெடக்கட்டு. அந்தப் பிள்ளையக் கிள்ளினதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கேட்டியளா? போயிக் கேளுங்க, அதுதான் உங்களுக்குப் பரிகாரம்"னாரு.

ஐம்பத்தஞ்சு வயசுல ஒரு சின்னப் பிள்ளைக்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு மூணு நாளு பிடிச்சுது. தல பின்னிவிடும்போ கேட்டுட்டேன். மொகத்தப் பாக்க வேண்டாம்லா. அவ ரிப்பன எடுத்து எனக்க கையில தந்தா. பின்ன மெல்லக் கேட்டா, "அம்மாவுக்கு வருத்தமா இருக்காதா பெரியம்மா, நான் சிரிச்சா?"

இத்தன மாசமும் அதத்தான் நெனச்சுட்டு இருந்திருக்கா. நான் சொன்னேன், "உனக்க அம்மை சிரிச்ச சிரிப்புக்கு பங்குத்தந்தை ரெண்டு தடவ பிரசங்கத்த நிறுத்தியிருக்காரு மக்களே. நீ வேணா உபதேசியார்கிட்ட கேட்டுப் பாரு." உள்ளதுதானே?

ஆண்டுப் பூசைக்கு எல்லாரும் வருவாவ. அண்ணைக்கு உனக்க மவளுக்கு சிரிப்பு வந்தா, பீடத்துக்கு முன்ன நிண்ணுகிட்டும் சிரிக்கட்டு. எவளாவது மொகத்தச் சுளிச்சா நான் பதில் சொல்லிக்கிடுதேன். உனக்க பிள்ள வாய அடைக்க இனி ஒருத்தரயும் விடமாட்டேன், என்னையும் சேத்துத்தான். இது மாதா சாட்சியா நான் உனக்குத் தாற வாக்கு.

உனக்க மூத்தவ,
ஷைனிக்குப் பெரியம்மா,
மரியதங்கம்