நாலு விரல் உயரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். நீ எழுதிய கடிதம் இருபத்தாறு நாள் கழித்து வந்து சேர்ந்தது. தண்ணீர் லாரியில்தான் தபாலும் வரும். லாரி வராத வாரம் இரண்டும் கிடையாது.

இடம் எப்படி என்று கேட்டிருந்தாய். கடிதங்களை ஒரு எழுத்தர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். இடத்தின் பெயர், ஆள் கணக்கு எழுதினால் மை பூசிவிடுவார். எழுதவும் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று தகரக் கொட்டகை, ஒரு சாலை. சாலையை மணல் மூடும், நாங்கள் வாருவோம், மறுபடியும் மூடும். சோற்றில், காதில், துவைத்த சட்டையில் எல்லாம் மணல். பல்லில் நறநறவென்று கடிபடுவது இப்போது தெரிவதுகூட இல்லை.

எனக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இங்கே மணல் ஒரு முழம்தான், கீழே பாறை. ஒரு குழி வெட்ட இரண்டு நாள் ஆகும். இந்த வெயிலில் செத்தவனை இரண்டு நாள் வைத்திருக்க முடியாது. அதனால் எப்போதும் சில குழிகள் தயாராக இருக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு. முகாமில் நான்தான் நெட்டை என்பதால் அளவுக்கு என்னைப் படுக்கச் சொல்கிறார்கள். எனக்குப் போதுமென்றால் எல்லோருக்கும் போதும். உள்ளே குளுமையாகவே இருக்கிறது. சமையல்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, எந்திரிக்க மனசே வரலையா" என்று கேலி செய்வார். நீ பயப்படாதே, வேலை அவ்வளவுதான்.

உன் தம்பியைப் பட்டாளத்தில் சேர்க்க அதிகாரியிடம் சிபாரிசு கேட்கச் சொல்லியிருந்தாய். பார்க்கலாம். அவன் இன்னும் நம் சமையலறை வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறானா? நான் வந்ததும் அதை உயர்த்திக் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. பாப்பா நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று தெரிகிறது, சந்தோஷம்தான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் பொய் எழுத மனமில்லை.

போன வாரம் குண்டு விழுந்து சமையல்காரர் போய்விட்டார். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். தயாராக இருந்த குழிகளில் ஒன்றில் வைத்தோம். அவர் குள்ளம், கால் பக்கம் நிறைய இடம் மிச்சமிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று பக்கத்தில் ஒருவன் கேட்டான். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு நாளில் அந்தக் குழிக்குப் பதிலாக இன்னொன்று வெட்டினோம், நான் படுத்து அளவு கொடுத்தேன். மேலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

தம்பி விஷயம். அவன் என்கூட இருந்தால் உன் இரண்டு கவலையும் ஒரே கவலையாகிவிடும் என்கிறாய். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியே காலம் போய்விடும் என்று அவன் புலம்புவதையும், மாமாவுக்கு நான் முன்னுக்கு வருவது பிடிக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதையும் எழுதியிருக்கிறாய். இன்னும் இரண்டு மாதத்தில், ஒன்றாம் தேதி ஆள் எடுக்கிறார்களாம், அதற்குள் சிபாரிசுத் தாள் வேண்டுமாம். சரி, கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


பாப்பாவின் அம்மாவுக்கு,

கேட்டேன். அதிகாரி நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. சொந்தக்காரர்களை ஒரே முகாமில் போட வழியிருக்கிறது என்று தாளை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, ஆள் எவ்வளவு உயரம் என்று கேட்டார். என்னைவிட நாலு விரல் கூட என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அப்ப குழியெல்லாம் கொஞ்சம் நீட்டிடு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டியை மூடி வை என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

நானும் சரி என்றேன். உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சரி என்று சொல்லிவிட்டு, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடப்பாறையை எடுத்துப்போய் ஒரு குழியில் இறங்கினேன். தலைமாட்டில் நாலு விரலை வைத்துக் கோடு கிழித்து அதுவரை உடைத்தேன். அது முடிந்ததும் அடுத்தது. மனதில் ஒன்றும் ஓடவில்லை. அதற்கும் அடுத்ததில், அளவு சரிதானா என்று படுத்துப் பார்த்தேன். என் தலைக்கு மேலே நாலு விரல் இடம் காலியாக இருந்தது. கையை வைத்துத் தடவி, இவ்வளவு இருந்தால் அவன் தலை இடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் நம் சமையலறை நிலை ஞாபகம் வந்தது. சத்தம் கேட்டு நீ ஈரத்துணியோடு ஓடி வருவாய். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பான்.

அந்தக் குழியைவிட்டு ஏற எனக்கு வெகுநேரம் ஆயிற்று. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு ஏதோ உறைத்தது.

தாளைக் கிழித்துவிட்டேன். இதைப் படிக்கிற எழுத்தர் ஐயா, இந்தப் பக்கத்தில் மட்டும் மை பூசாதீர்கள். இதில் இடத்தின் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை. நீங்களும் கூடப்பிறந்தவர்களோடு பிறந்திருப்பீர்கள்.

மாமா மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றே அவனிடம் சொல். என்னைத் திட்டட்டும். என் முகத்திலேயே விழிக்காமல் இருக்கட்டும். நீ மட்டும் ஒன்றாம் தேதி அவனை எங்கும் விடாதே, கதவைப் பூட்டியாவது வை. உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

அந்த நிலையை உயர்த்திக் கட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வேண்டாம். நான் வந்தால் எனக்கு அந்த உயரம் போதும். வயதாகி, கூன் விழுந்து, இனி இடிக்காது என்று ஆகும்வரை அவன் தினமும் அதில் தலையை இடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்