எனக்கு மட்டும் ஒரு சந்து

ஜூலை 8, செவ்வாய்

முனிராஜ் இன்றும் என் விலைக்கு ஐம்பது ரூபாய் கீழே சொல்லி என் கிராக்கியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். நூறு இல்லை, இருநூறு இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் இறங்கக்கூடிய கடைசி விலைக்குச் சரியாக ஐம்பது கீழே. என் மனசுக்குள் இருக்கிற விலை நாலு கடை தள்ளி இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மனசுக்குள் மட்டும் இல்லை, நாற்காலிக்கு அடியிலும் இருக்கிறது. மூடுகிற ஐ.டி. கம்பெனிகளில் இருந்து பழைய நாற்காலி மேசை எடுத்து விற்பது என் தொழில். வீட்டுக்குக் கீழேயே குடோன். நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கி, அடிப்பலகையில் கடைசி விலையைச் சாக்பீஸில் எழுதி வைப்பேன். கிராக்கி வந்தால் நிமிர்த்திப் போடுவோம், எழுத்து கீழே போய்விடும். தொழில் தொடங்கிய நாளில் இருந்து இப்படித்தான்.

ஜூனில் எடுத்த வலை முதுகு நாற்காலி எண்பதும் அப்படியே குடோனில் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்கு இடம் விட்டு மற்ற சரக்கைப் போட வாடகைக்கு எடுத்த பின்பக்கத்து ஷெட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அதற்குள் நாற்காலி போகாவிட்டால் பழைய சாமான் எடுக்கிற குஜிரிக்காரனுக்கு எடைக்குத்தான் போடணும். போட்ட முதலில் பாதி போச்சு.

ஜூலை 9, புதன்

என் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன், விலையைச் சொன்னது நீங்களா என்று. தினமும் முனிராஜோடு டீ குடிக்கிற ஆள் இவர்தானே.

"நானா? உன் விலை எனக்கே தெரியாது. என்னிக்காவது சொல்லியிருக்கியா?"

அதுவும் சரிதான். சாப்பிட மாட்டேன் என்றார். பிறகு ரசம் இரண்டாவது தடவை கேட்டார். பெரிய கோபம் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

திருடன் அகப்பட்டான். திருடன் என்று சொல்வதா?

மாடியில் குடியிருக்கிற ஹரிஷ்குமார், திருப்பத்தூர்க்காரர், எலெக்ட்ரானிக் சிட்டியில் நெட்வொர்க் வேலை. தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுங்கள் என்று சொல்லக் கீழே வந்தார். என் போனில் குடோன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்களுக்கு எத்தனை கேமரா?"

"ரெண்டு. வாசல்ல ஒண்ணு, குடோன்ல ஒண்ணு."

"இதுல நாலு இருக்கே?"

விரலால் இடது பக்கம் தள்ளினார். இரண்டு வருஷமாக நான் தள்ளிப் பார்க்காத பக்கம். அங்கே முனிராஜ்! அவன் கடையில், பனியனோடு, விற்பனைக்கு வைத்த மேனேஜர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.

கேமரா மாட்டிய ஆள் ஒரே வாரத்தில் எங்கள் இரண்டு கடைக்கும் மாட்டினான். சோம்பேறி, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, ஒரே பாஸ்வேர்டை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். என் குடோன் கேமரா உத்தரத்தில் இருந்து நேராகக் கீழே பார்க்கிறது. கீழே என்ன? கவிழ்த்த நாற்காலி. அதன்மேல் என் கையெழுத்து. தூரத்தில் இருந்தே தெரியணும் என்று கொட்டை கொட்டையாக வேறு!

முனிராஜ் தள்ளிப் பார்த்தான். நான் தள்ளவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கத்திரிக்காய் வறுவல் செய்தேன். புரிந்துகொண்டார்.

ஜூலை 14, திங்கள்

கேமராவைப் பிடுங்கிவிடலாம். ஆனால் நான் சரக்கு எடுக்க வெளியே போகிற நாளில் குடோனை யார் பார்ப்பது? இவரை நம்பினால் நாற்காலியோடு குடோனையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

வீட்டிலேயே வி.பி.என். வைத்துக்கொள்ளலாம் என்றார் ஹரிஷ்.

"வி.பி.என். யாரு? உங்க ஆபீஸ் பெரியவரா?" என்று இவர் கேட்டார். ஹரிஷ் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு!

விஷயம் இதுதான். புதுக் கேமரா ஒன்று, எந்தக் கம்பெனிக் கணக்கிலும் சேராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும். வெளியில் நின்று பார்க்க, என் போனில் இருந்து வீட்டுக்கு ஒரு மறைவான பாதை. சாவி என் போனில் மட்டும். நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

"சுரங்கம் மாதிரிக்கா."

"சுரங்கம்லாம் ராஜாங்களுக்கு தம்பி. சந்துன்னு சொல்லு. ஸ்ரீராம்புரத்துல இருந்துகிட்டு சந்து தெரியாதா எனக்கு?"

பாதையின் இந்த முனையைக் காவல் காக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். நாற்காலியோடு இனாமாக வந்த பெட்டியைக் கிளறி, டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றை எடுத்தார். கூலி வேண்டாம் என்றார். வேண்டாம் என்கிற ஆளோடு நான் வியாபாரம் செய்வதில்லை. இந்த வருஷம் வாடகை ஏற்ற மாட்டேன் என்று முடித்தேன். ஆகஸ்டில் ஏற்றுவதாக இருந்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 17, வியாழன்

சந்து வெட்டியாயிற்று, வீடு அகப்படவில்லை. இன்டர்நெட்டில் எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண்ணாம். வெளியில் இருந்து வருகிற பாதை எந்த வீடு என்று தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. எங்களுக்கு என்று தனி ஐ.பி. நம்பர் வாங்க வேண்டும்.

நெட் கொடுக்கிற மஞ்சுநாத்தைக் குடோனுக்கு வரச் சொன்னேன்.

"ஆகல்ல அக்கா. அதெல்லாம் கம்பெனிங்களுக்கு. எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆவும்."

"எஷ்டு?"

சொன்னான். அநியாயம். ஆனால் சொல்லும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றான். அதைப் பார்த்துவிட்டேன். சாய்கிற நாற்காலி ஒன்றைத் தள்ளிவிட்டு, "மொதல்ல கூத்கோ மஞ்சு" என்றேன். உட்கார்ந்தான். சாய்ந்தான். கண்ணை மூடினான். எழுந்திருக்கிற வழியாக இல்லை.

ஒரு வருஷத்துக்குத் தனி நம்பர், பதிலுக்கு அந்த நாற்காலி. கைப்பிடி கொஞ்சம் ஆடும் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

திறந்துவிட்டது! அல்சூர் ஏரிக்கரையில் நின்று போனில் சாவியைப் போட்டேன். என் குடோன், என் நாற்காலிகள், நடுவில் என் வீட்டுக்காரர். கையில் பேக்கரி தில்பசந்த். உள்ளே தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும், அதற்கு மேல் சர்க்கரை. இவருக்கு சுகர் எவ்வளவு என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

புதுக் கேமராவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு.

"கீழ வைங்க அதை."

மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

இவருக்குக் கோபம். சாவி தன் போனிலும் வேண்டுமாம்.

ஜூலை 21, திங்கள்

பழைய கேமராவைக் கழற்ற ஹரிஷ் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். புதுசு அதற்குப் பின்னால், அது பார்க்காத மூலையில் இருக்கிறது.

பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு நாற்காலியின் ஆயிரத்து இருநூறையும் துடைத்துவிட்டு, தொள்ளாயிரம் என்று எழுதினேன். கேமராவை மறைக்காமல், நிதானமாக. ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது முனிராஜுக்கும் தெரியும், விலை இறங்கினால் நம்புவான்.

"எங்க வேலைலயும் இது உண்டுக்கா. உள்ள வர்றவனுக்குன்னே ஒரு பொய்க் கதவைத் திறந்து வெப்போம்" என்றார் ஹரிஷ்.

பொய்யா? என் நாற்காலி, என் சாக்பீஸ். படிக்கச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லையே.

ஆனால் ஒன்று எழுதத்தான் வேண்டும். அவன் பக்கத்தையும் தள்ளிப் பார்த்தேன். சோபா, பீரோ, கட்டில். வலை முதுகு நாற்காலி பத்துகூட இல்லை. பார்த்தது தப்புதான். ஒரே தடவைதான்.

ஜூலை 24, வியாழன்

எலெக்ட்ரானிக் சிட்டியில் பெண்கள் பி.ஜி. விடுதி நடத்துகிற வனஜா வந்தார். அறைக்கு அறை போட எண்பது நாற்காலி வேண்டும், என்னிடம் இருப்பது மாதிரியே. ஆயிரத்து இருநூற்று ஐம்பது சொன்னேன். யோசிக்கிறேன் என்று வெளியே போனவர் நேராக முனிராஜ் கடையில் ஏறினார். சாயங்காலம் செய்தி வந்தது. எண்ணூற்று ஐம்பதுக்கு ஒத்துக்கொண்டு அட்வான்ஸும் வாங்கிவிட்டானாம்.

சரியாக ஐம்பது கீழே!

"வந்த கிராக்கி போயிடுச்சு, சிரிக்கிறியே?" என்றார் இவர்.

சிரித்தேன்தான். அவன் கையில் பத்துகூட இல்லை, எண்பதுக்கு என்னிடம்தான் வரணும். ஆனால் அவன் வேறு எங்காவது எண்பது நாற்காலி பிடித்துவிட்டால்? அப்புறம் நான், குஜிரிக்காரன், தராசு.

ஜூலை 26, சனி

முனிராஜ் சிவாஜி நகர் முழுக்க அலைந்து வெறும் கையோடு திரும்பினானாம். இவர் டீ குடித்துவிட்டு வந்து சொன்னது. இவருடைய டீயால் எனக்கு முதல் லாபம்.

ஜூலை 28, திங்கள்

நேற்றே எண்பது நாற்காலியையும் தூசி தட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆபீஸ் சரக்கைப் பார்க்கப் போனேன். தில்பசந்த் சந்தேகத்தில் போனில் என் சந்தைத் திறந்தேன். இவர் பக்கத்தில் முனிராஜ்! நான் கிளம்பியதைப் பழைய வாசல் கேமராவில் பார்த்திருப்பான்.

"அண்ணா, எண்பதும் நானே எடுத்துக்கறேன். எண்ணூறு. அக்கா வந்தா இழுக்கும், நீ முடிச்சுடு."

இவர் தலையைச் சொறிந்தார். இவருக்கு இல்லை என்று சொல்ல வராது.

"எனக்கு விலை தெரியாதே முனிராஜு."

"இன்னாண்ணா நீ, அடியில தொள்ளாயிரம்னு எழுதியே வெச்சிருக்கு!"

"எங்க எழுதியிருக்கு முனிராஜ்?" என்றேன் மேலே ஸ்பீக்கரில் இருந்து.

நிமிர்ந்து நிற்கிற எண்பது நாற்காலியைப் பார்த்தான். பழைய கேமராவைப் பார்த்தான். குரல் அங்கிருந்து வரவில்லை.

"அக்கா... எங்க கீறீங்க?"

"எலெக்ட்ரானிக் சிட்டில. மதியத்துல பனியனோட தூங்காத, நல்லா இல்ல. நாளைக்கு வா, பேசிக்கலாம்."

இவர் இந்தத் தடவை கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆபீஸ் லிப்ட் பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்த்தான்.

ஜூலை 29, செவ்வாய்

முனிராஜ் வந்தான். சட்டை போட்டிருந்தான். நான் ஆயிரத்து இருநூறு என்றேன், அவன் தொள்ளாயிரம் என்றான். "வனஜாம்மா கிட்ட வாக்கு குடுத்துட்டேன்க்கா, மானம் போயிடும்." டீ இரண்டு சுற்று ஓடியது.

அழுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு கடை இருப்பதால்தான் ஜனம் இந்தத் தெருவுக்கு வந்து விலை கேட்கிறது. ஒற்றைக் கடைத் தெருவுக்கு எவன் வருவான்? அவனுக்குக் கை கடிக்கட்டும், கடை மூட வேண்டாம். எனக்கும் முதலுக்கு மேலே நிற்கிறது, ஷெட்டும் நாளைக்குக் காலி.

முடிந்தது இப்படி: நாற்காலி ஒன்று ஆயிரத்து ஐம்பது, எண்பதும் சேர்த்து. முழுப் பணமும் வண்டியில் ஏற்றும் முன். பழைய கேமராக் கணக்கு இன்றே மூடல். அவன் கடைக்கும் ஹரிஷ் ஒரு சந்து போடுவார், கூலி அவன் பொறுப்பு. இவருக்குச் சாவி கிடையாது. வாரத்துக்கு ஒரு தில்பசந்த், அதிலும் பாதி எனக்கு.