பயர் இஞ்சின் படங்களும் நம் வீட்டுக் கூரையும்

குன்றாண்டார்கோவில்
வெகுதானிய வருஷம், வைகாசி 20

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு உன் ஆத்தா உண்ணாமலை எழுதிக்கொண்டது. குன்றாண்டார் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். உன் சுகத்தை அறியவும் ஆசைதான், ஆனால் நீ போடுகிற காகிதங்களில் மோட்டாரின் சுகம்தான் தெரிகிறது. ராஜமந்திரியில் டயர் வெடித்தது, கட்டாக்கில் ரேடியேட்டர் கொதித்தது என்று விவரமாக எழுதுகிறவனுக்கு, வேளைக்குச் சோறு கிடைத்ததா என்று ஒரு வரி எழுத மை இல்லாமல் போயிற்றா?

கல்கத்தாவிலிருந்து அனுப்பிய ஏழு படங்களும் வந்து சேர்ந்தன. ஏழிலும் பயர் இஞ்சின். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒன்று, மணி மட்டும் பெரிதாக ஒன்று. பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை பக்கம் பார்க்க மாட்டான். கீரனூர்ப் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் வேலைக்கு ஆறு மாதம் லீவு போட்டுவிட்டு, மரவாடிக்காரர் மகன் நாகராசுவின் காரில் ஏறி, தேசமெல்லாம் சுற்றி நெருப்பணைக்கிற வண்டியைப் படம் பிடிக்கிறான் என் மகன் என்று நான் யாரிடம் சொல்ல? காசி வழியாகப் போவதாக எழுதியிருக்கிறாய். கங்கையில் முழுகாமல், இங்கே பயர் இஞ்சின் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்டிருப்பாய், எனக்குத் தெரியாதா. நாகராசுவுக்கு அப்பன் சம்பாத்தியம் இருக்கிறது, கிறுக்குப் பிடித்தாலும் கார் ஏறித்தான் பிடிக்கும், உனக்கு என்ன வந்தது? எல்லாம் உன் அப்பா கொடுக்கிற இடம். படங்களை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் “எம்மவன் எடுத்ததுங்க” என்று காட்டுகிறார். ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊருக்குப் போற பஸ்ஸுங்க?” என்று கேட்டாராம். அதையும் என்னிடம் வந்து பெருமையாகச் சொல்கிறார்.

இனி நான் எழுதப்போவதைப் படித்துப் பதறாதே, உயிர்ச்சேதம் இல்லை. சித்திரை நடுவில் ஒரு நாள் உச்சிவேளையில் நம் தெருவில் தீப்பிடித்தது. மேலக்கோடி குழந்தைசாமி வீட்டில் அடுப்புச் சாம்பலைத் தணல் அணைந்ததா என்று பார்க்காமல் வைக்கோல் போரை ஒட்டிக் கொட்டியிருக்கிறார்கள். அன்றைக்கென்று மேல்காற்று. போர் பிடித்து, அவர் கூரை பிடித்து, நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் அடுத்த கூரையும் பிடித்துக்கொண்டது. ஊரே கிணற்றுக்கும் குழந்தைசாமி வீட்டுக்கும் ஓடி ஓடி எரிகிற கூரையில் தண்ணீரை வீசியது. பாதி வழியிலேயே சிந்திப்போகும், மீதி பட்டால் சுர்ரென்று ஆவியாகும். நீ படம் பிடித்த வண்டிகளில் ஒன்றாவது இங்கே வந்து நிற்காதா என்று உன்னைத்தான் வைதேன். அப்படி வைகிறபோதுதான் ஒரு படத்தின் முதுகில் நீ பென்சிலால் கிறுக்கியிருந்தது நினைவுக்கு வந்தது. எரிகிற வீட்டை விட்டுவிடுவோம், எரியப்போகிற வீட்டைப் பார்ப்போம், நடுவில் ஒரு கூரையைப் பிரித்துவிட்டால் நெருப்புக்கு நடக்கப் பாதை இல்லை என்று அந்த வண்டியில் போகிற ஆள் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அது.

நான் அடித் தொண்டையில் கத்தினேன். தண்ணீரைக் கிழக்கே இன்னும் பிடிக்காத வீடுகளில் ஊற்றுங்கள், இடையில் ஒரு கூரையைப் பிரியுங்கள் என்றேன். குழந்தைசாமி, “எரியிறது எம் வீடு, தண்ணிய இங்கிட்டு ஊத்துங்கய்யா, பொம்பள பேச்சக் கேட்டுக்கிட்டு நிக்கிறீக” என்று ஆடினார். ஒருவரும் திரும்பவில்லை. கூரை வேய்கிற பிச்சைமுத்து மட்டும் என்னிடம் வந்து, “எந்தக் கூரைய ஆத்தா பிரிக்கணும்?” என்று கேட்டான். மேலக்கோடியிலிருந்து நாலாவது நம் வீடு. மூன்றாவதில் பொறி விழுந்துவிட்டது. “நம்ம கூரையத்தான்டா” என்றேன். தை மாதம் அவன் கையால் வேய்ந்த கூரை. உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து அவனிடம் நீட்டினார். அவன் மேலே ஏறிக் கட்டுகளை அறுத்து அறுத்துக் கீற்றைத் தள்ள, நாங்கள் இழுத்துக் கீழே போட்டோம். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஐந்தாவது வீட்டுக்குக் குடத்தைத் திருப்பினார்கள். கடைசிக் கீற்றில் தீப்பிடித்துவிட்டது. அது கிழக்குப் பக்கம் விழுந்தால் எல்லாம் வீண் என்று பிச்சைமுத்து அதை வலது கையால் வாரி மேற்குப் பக்கம் எறிந்தான். மேற்கே மூன்று வீடு போயிற்று, கிழக்கே பத்தொன்பது வீடு நிற்கிறது. ஆனால் குழந்தைசாமி இன்றுவரை, நான் தண்ணீரைத் திருப்பியதால்தான் தன் வீடு போனது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சாம்பல் கொட்டிய கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இதைப் படித்துவிட்டு உடனே தலையைத் தூக்காதே. உதவியது உன் படம் இல்லை, அதன் முதுகில் இருந்த இரண்டு வரி. மற்ற ஆறு படத்துக்கும் முதுகு வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த இரண்டு வரியைச் சொன்ன மகராசன் பேர் என்ன, எழுதவில்லை. அவன் முகமாவது ஒரு படத்தில் உண்டா என்றால் அதுவும் இல்லை. சக்கரத்துக்கும் மணிக்கும் இருக்கிற மரியாதை அதில் ஏறிப்போய் நெருப்பில் நிற்கிறவனுக்கு உன்னிடத்தில் இல்லையே, நீ என்ன பிள்ளை?

நாங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒரு சாய்ப்பு இறக்கி அதில் இருக்கிறோம். மழைக்கு முன் வீட்டை வேய்ந்துவிடலாம், அதைப் பற்றி நீ ஓடிவர வேண்டியதில்லை. பிச்சைமுத்துவை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் புண் ஆறிவிட்டது, ஆனால் நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரிக்க வரவில்லை. கூரை வேய்கிறவனுக்கு விரல் பிரியாவிட்டால் முடிச்சு ஏது? “சரியாயிரும் ஆத்தா” என்கிறான். நேற்று கொல்லைப்பக்கம் போனபோது பார்த்தேன், கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் கட்டிப் பழகிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான். நான் பார்க்காதது போல வந்துவிட்டேன்.

அடுத்து நீ போகிற நாக்பூரில் வெயில் பொல்லாதது என்கிறார்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொள், கண்ட தண்ணீரைக் குடிக்காதே, நாகராசுவை வேகமாக ஓட்ட விடாதே. நீயும் அவனும் நீண்ட ஆயுசோடு, பூரண ஆரோக்கியத்தோடு ஊர் வந்து சேர வேண்டும் என்று அந்தக் குன்றாண்டாரை வேண்டிக்கொண்டு ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறவாதே. நாக்பூரிலோ பம்பாயிலோ பயர் இஞ்சினைப் பார்க்கப் போகிறபோது அதன் ஆட்களைக் கண்டு பேசு. நெருப்பிலேயே பிழைக்கிறவர்கள், வெந்த விரல் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள், என்ன தடவுவார்கள், எந்த டாக்டரிடம் போவார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டு உடனே எழுது. படம் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
உண்ணாமலை