காரவள்ளியில் நிறுத்திய வண்டி

1941 ஆகஸ்ட் 10, முள்ளுக்குறிச்சி

இன்று இன்ஜின் பிடித்துக்கொண்டது! கோழிகள் எல்லாம் வேலியைத் தாண்டி ஓடின. ஆத்தாயி மாவுக் கையோடு வெளியே வந்து, "ஏனுங்க, காது போச்சுங்க" என்று கத்தினாள். ஆனால் சிரித்தாள்.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் அவள் அண்ணன் வெங்கிடுசாமியின் மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில் கிடந்த மோட்டார் சைக்கிள் இது. ராசிபுரத்தில் ஏலம் எடுத்ததாம். "எனக்கெதுக்கு மாப்ள, மில்லுல பிட்டரா இருந்தவரு நீங்க, எடுத்துக்கங்க" என்று போன பங்குனியில் என்னிடம் தள்ளிவிட்டார். இனி என் பெயருக்கு மாற்ற வேண்டியதுதான். அதைச் சொன்னபோது மட்டும் மச்சான் முகம் ஏனோ சரியில்லை.

ஆகஸ்ட் 19, சேலம்

வண்டிகளைப் பதியும் ஆபீசில் குமாஸ்தா நம்பரைப் பார்த்துவிட்டு, "ஏலம்னு யார் சொன்னா? இது செவ்வாய்ப்பேட்டை மாணிக்கம் பேர்லதான் இருக்கு. மிளகு யாவாரி. அவர் கையெழுத்தோட வாங்க" என்றார்.

மச்சான் மறந்து சொல்லியிருப்பாரோ? எங்கே வாங்கியது என்பதை ஒருவர் மறப்பாரா?

ஆகஸ்ட் 20

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது மாணிக்கத்தின் மனைவி மாதம்மாள். மோட்டார் சைக்கிள் என்று நான் வாயெடுத்ததுமே நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு அனுப்புனாரா? எங்க இருக்காரு? இலங்கையிலயா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் மிளகு வாங்கிவரக் கிளம்பிய மனிதர் திரும்பவே இல்லையாம். வண்டியையும் காணோம் என்பதால், நாடகக்காரி ஒருத்தியோடு கப்பலேறிவிட்டான் என்று ஊர் சொல்லிவிட்டது. இவர் தாலியோடும் பொட்டோடும் அந்த வீட்டிலேயே இருக்கிறார்.

"வண்டிய யாருகிட்ட வாங்குனீங்க?"

 விசாரித்து வந்து சொல்கிறேன் என்று படியிறங்கிவிட்டேன். என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஆகஸ்ட் 22

காரவள்ளிக்குப் போனேன். மச்சான் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். மாணிக்கம் என்ற பெயரைச் சொன்னதும் கை நின்றது.

"ஆமா, மேல வண்டி போறதுக்கு ரோடு ஏது? எங்கிட்ட நிறுத்திட்டு மலையேறுவான். ஒருக்கா போனவன் வரல. நான் என்ன பண்ணட்டும்?"

"ஏலம்னு ஏன் மச்சான் சொன்னீங்க?"

"உங்க வேலையப் பாருங்க மாப்ள. தங்கச்சி ஊட்டுக்காரரேன்னு மரியாதையாச் சொல்றேன்."

அவர் கையில் இருந்தது தட்டு அறுக்கும் அரிவாள்தான். இருந்தாலும் நான் ஏன் அதையே பார்த்தேன்?

ஆகஸ்ட் 23

ஆத்தாயி அழுது தீர்த்துவிட்டாள். "எங்கண்ணன் கொலகாரனா? அப்பிடித்தான நெனைக்கறீங்க? இந்தப் பேச்ச இத்தோட உட்டுருங்க." விட முடியுமா? நான் நினைப்பது அதைத்தானே.

செப்டம்பர் 2, வாசலூர்பட்டி

மாணிக்கம் யாரிடம் மிளகு எடுப்பார் என்று வழியெல்லாம் கேட்டு, மலையேறி இங்கே வந்து சேர்ந்தேன். கேட்ட ஆட்கள் எல்லாம் பேச்சை மாற்றினார்கள். கடைசியில் சின்னக்கண்ணு என்ற விவசாயி, நான் வெங்கிடுசாமிக்கு உறவு என்று தெரிந்ததும் காட்டுக்குள் போய்விட்டார். சாயங்காலம் அவர் மனைவி கண்ணாயிதான் கூட்டிவந்தார்.

"மலைக் காச்சலுங்க," என்றார் சின்னக்கண்ணு, நின்றபடியே. "எங்க ஊட்டுலதான் படுத்திருந்தாரு. ரெண்டு கம்பளி போத்தியும் நடுங்குனாரு. ஒரு வெடியக்காலம் மூச்சு நின்னுருச்சு. அடக்கம் பண்ணிட்டுக் கீழ ஓடி உங்க மச்சாங்கிட்டத்தான் சொன்னேன். 'வெளிய சொல்லாத, கொலைக் கேசுல உன்னயத் தூக்குல போட்டுருவாங்க, ஊரையே புடிச்சுட்டுப் போவாங்க'ன்னாரு. அதுலருந்து அந்தப் பக்கமே எறங்கறதில்லீங்க. எங்களக் காட்டிக் குடுத்துராதீங்க சாமி."

கண்ணாயி சொன்னது: "செவ்வாப்பேட்டைக்குச் சொல்லியுடுங்க, சொல்லியுடுங்கன்னுட்டே இருந்தாருங்க."

ஆக, கொலை இல்லை. ஒரு வண்டிக்காக ஒரு சாவை மூடி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

செப்டம்பர் 5

சொன்னால் மச்சானைப் போலீஸ் பிடிக்கும். மலைக்காரர்களையும் சும்மா விடாது. சொல்லாவிட்டால் —

ஆத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 8, சேலம்

சொல்லிவிட்டேன். மாதம்மாள் அழவில்லை. "சொல்லியுடச் சொன்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் கழித்துத் திரும்பவும், "சொல்லியுடச் சொன்னாராங்க?"

பிறகு, "அப்ப என்னய உட்டுட்டுப் போகல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம்தான் அழுதார். தெருவே கூடி, விஷயம் போலீசுக்கும் போய்விட்டது.

செப்டம்பர் 21

சப்-இன்ஸ்பெக்டர், மாதம்மாள், நான் எல்லோரும் மலையேறினோம். யாரும் எதிர்பாராமல் ஆத்தாயியும் புறப்பட்டு வந்தாள். செங்குத்தான இடங்களில் மாதம்மாளின் கையைப் பிடித்து ஏற்றினாள். தான் யாருடைய தங்கை என்பதை அவளே சொன்னாளாம். அதன் பிறகும் அந்தக் கையை மாதம்மாள் விடவில்லை.

சமாதி, பலாமரத்தடியில் கல் அடுக்கிய மேடு. புல் முளைக்காமல் சுத்தமாக இருந்தது.

"பொணத்தப் பொதச்சிட்டு நாடகமாடறியா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் பிரம்பை ஓங்கினார். சின்னக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். மாதம்மாள் குறுக்கே போய் நின்றார்.

"எம்புருசனுக்குக் கடைசித் தண்ணி குடுத்த கையிங்க இது. அடிக்கறதுன்னா மொதல்ல என்னய அடிங்க."

அவர் பிரம்பைத் தாழ்த்திக்கொண்டார். ஊரையே விசாரித்தார். காய்ச்சலில் சாவு என்றுதான் கடைசியில் எழுதிக்கொண்டார். சாவை மறைத்து வண்டியை வைத்துக்கொண்டதற்காக மச்சான் மீது மட்டும் வழக்கு.

அக்டோபர் 12

வண்டியை மாதம்மாள் வீட்டில் விட்டுவிட்டு நடந்தே ரயில் ஸ்டேஷனுக்கு வந்தேன். வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முடியாது என்றேன்.

1942 ஜனவரி 14

பொங்கல். ஜாமீனில் வந்திருக்கும் மச்சான் தங்கைக்குச் சீர் அனுப்பியிருந்தார். கரும்பு, வெல்லம், புதுச் சேலை. அவருடைய பண்ணையாள் செங்கோடன் கூடையை இறக்கப் போனபோது ஆத்தாயி தடுத்தாள்.

"எறக்காத செங்கோடா. அண்ணங்கிட்டச் சொல்லு. செவ்வாப்பேட்டைக்குப் போயி அந்தம்மா கால்ல உழுந்துட்டு வரட்டும். அப்பறம் தூக்கியா, வாங்கிக்கறேன்."

செங்கோடன் என்னைப் பார்த்தான். நான் ஆத்தாயியைப் பார்த்தேன். அவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். அவன் பாதை திரும்பி மறையும்வரை ஆத்தாயி வாசலிலேயே நின்றாள். நானும் நின்றேன்.

பால் பொங்கி வழிந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.