பெயர் கொடுக்கும் சனிக்கிழமை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

குவைத்தின் வெயிலிலும் கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருப்பாராக. நாங்கள் மூவரும் இருக்கிறோம். நத்தார்ப் பண்டிகைக்கு வருவதாக நீங்கள் அனுப்பிய செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் களைந்த அரிசியை மறுபடியும் களைந்தார்.

இம்முறை உக்கிராணத்துவ ஞாயிறன்று போதகர், சபையின் பொருள்களை வீட்டுக்கு ஒன்றாகப் பராமரிக்கக் கொடுத்தார். கடவுள் தந்ததைக் காப்பதும் ஆராதனைதான் என்றார். ரஜனி அன்ரிக்கு முற்றத்து ஈரப்பலா மரம். காய்களை அயல் வீடுகளுக்கும் பங்கிட வேண்டும். நமக்குக் கரம் பலகை. ஆராதனை முடிந்த பின் மண்டபத்தில் எல்லோரும் விளையாடுவது அதில்தான். நம் லவன் அண்ணா ஒருவரையும் அதில் சாயக்கூட விடாமல் காத்தார்.

போன ஞாயிறு பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் நப்ரீஸ் அண்ணா வழக்கம்போல விளையாட வந்தார். அவருடைய கை தட்டிப் பிளேன்ரீக் கோப்பை பலகையில் கவிழ்ந்தது. அவ்வளவுதான். லவன் அண்ணா அவருடைய பின்கழுத்தைப் பிடித்து, முகத்தைப் பலகையின் விளிம்பில் மோதினார். திரும்பவும் மோதினார். கீழே விழுந்தவரின் வயிற்றில் உதைத்தார். நான் வாசிக்கும் கதைகளில் அடி பெரிய சத்தத்தோடு விழும். உண்மையில் அது ஈரத்துணி விழுகிற சின்னச் சத்தம். இரத்தம் பவுடரோடு குழைந்து சாந்துபோல் ஆனது. ஒரு பல் குழிக்குள், சிவப்புக் காய்க்குப் பக்கத்தில் கிடந்தது.

"கண் பொட்டையா சனியனே, ஒரு சாமானை ஒழுங்கா வெச்சிருக்கத் தெரியாதா" என்று அண்ணா கத்திக்கொண்டே இருந்தார். அந்தச் சொற்கள் நம் வீட்டுச் சொற்கள், அப்பா. அடி விழுந்தது நப்ரீஸ் அண்ணாவுக்கு. ஆனால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, தன் முகத்தை இரண்டு கையாலும் மூடியபடி சுவரோரம் குந்திவிட்டார்.

ஞாயிறு திருவிருந்தில் அப்பமும் இரசமும் எடுப்பவர்கள் அதற்கு முதல் நாள் சனிக்கிழமை போதகரிடம் பெயர் கொடுப்பதும், பகை இருந்தால் அதைத் தீர்த்துவிட்டே கொடுப்பதும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நேற்று அண்ணா போனார், நானும் கூடப் போனேன். நப்ரீஸிடம் போனீரா என்று போதகர் கேட்டார். கடவுளிட்ட மன்னிப்புக் கேட்டுட்டன் என்றார் அண்ணா. "ஏன் தம்பி, பல்லு கடவுள்ட வாயிலயா இருந்தது?" என்றார் போதகர்.

அங்கிருந்து நேரே நப்ரீஸ் அண்ணா வீட்டுக்குப் போனோம். அவருடைய தங்கை ஸும்றா கதவை மறித்து, மிச்சப் பல்லுக்கு வந்தீங்களா என்று கேட்டாள். உள்ளே உதட்டில் தையலோடு படுத்திருந்த நப்ரீஸ் அண்ணா, "விடு ஸும்றா. ஒரு காய ஒழுங்காப் போடத் தெரியாத மனுசன், என்ட பல்ல மட்டும் முதல் அடியிலயே குழில போட்டாரே" என்றார். அண்ணா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். மன்னிச்சன் எண்டு இண்டைக்குச் சொல்லமாட்டன், நாளைக்கும் வாங்க என்றார் நப்ரீஸ் அண்ணா.

அதனால் இன்று ஆராதனையில் திருவிருந்து எடுக்க அண்ணா பீடத்துக்கு எழும்பிப் போகவில்லை. பக்கத்தில் அம்மாவும் எழும்பவில்லை. நீங்கள் போனதிலிருந்து அவர் எழும்புவதேயில்லை. உடம்புக்கு முடியாமல் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று கேட்டேன். "நான் இன்னும் மன்னிக்கேல்லைப் பிள்ளை. ஆள் வந்து கேக்காமல் எப்பிடி மன்னிக்கிறது?" என்றார்.

அப்பா, வந்ததும் முதல் சனிக்கிழமை, போதகரிடம் போகுமுன் அம்மா சமைக்கும் குசினிக்கு வாருங்கள். அண்ணா இப்போது உங்களை விட உயரம். நீங்கள் மறுபடி கை ஓங்கினால் அவர் முன்புபோல் கட்டிலுக்கடியில் ஒளிய மாட்டார். அவருடைய கை என்ன செய்யும் என்று நான் பார்த்துவிட்டேன்.

உங்கள் இரண்டு கைகளையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

உங்கள் மகள்,
எஸ்தர் துஷ்யந்தி

பி.கு.: அம்மாவிடம் கேட்கும்போது வலது பக்கம் நின்று கேளுங்கள். நீங்கள் விமானம் ஏறிய கிழமையிலிருந்து அவருக்கு இடது காது கேட்பதில்லை.