வெள்ளிக்கிழமை என்று சொன்ன விருந்தாளி

மஹய்யாவ, கண்டி
2.9.1990

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கமலாசனி எழுதுவது. நானும் மகளும் சுகம். முத்திரையில் துபாயைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு ரபீகாவின் அண்ணன், அஸீம் நானா, அங்கே வேலைக்குப் போகிறார். போனவுடன் தபாலில் போடச் சொல்லி அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். இதில் மட்டும்தான் மனம் திறந்து எழுத முடியும்.

போன செவ்வாய் பின்னேரம் ஒருவர் வந்தார். பெயர் இராஜரத்தினமாம். ஜேர்மனியில் உங்கள் ஆய்வுகூடத்தில் உங்களோடு இரண்டு வருடமாக வேலை செய்கிறாராம், லீவில் வந்தாராம். நல்ல மரியாதையான பேச்சு. உங்கள் கதிரையையே காட்டி இருக்கச் சொன்னேன், அறிவு கெட்டவள். மகளுக்கென்று ஒரு சொக்கிலேற் பெட்டி தந்தார். அதன் அடியில் விலைச்சீட்டைச் சுரண்டிய தடம் இருந்தது. ஜேர்மனி விலையை மஹய்யாவவில் யாருக்கு மறைக்க வேண்டும்?

மழையைப் பற்றியும் யாழ்ப்பாணத்துச் சண்டையைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தார். பிறகு மெல்ல, "அக்கா, மகளின்ர ஏடு தொடக்கலுக்கு அண்ணை வாறார்தானே, வாற மாசக் கடைசி வெள்ளிக்கிழமை? எந்தப் பிளேனில வாறார்? கட்டுநாயக்காவுக்கு ஆர் போகினம்?" என்று கேட்டார். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறேன் என்று குசினிக்குப் போனேன்.

புலமைப்பரிசிலுக்கு நீங்கள் எழுதிய ஆய்வுத் திட்டத்தை மூன்று தரம் தட்டச்சு செய்தவள் நான். திருத்தித் திருத்தி என் உயிரை வாங்கினீர்களே! அடர்ந்த பிளாஸ்மாவுக்குள் ஒளி போகாது, திரும்பிவிடும். ஆகவே அயன் கற்றையை ஊடுருவ விட்டு, மறுபக்கம் வரும்போது அது எவ்வளவு சக்தியை இழந்திருக்கிறது என்று பார்த்து உள்ளே இருப்பதை அளக்கலாம். இது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். குளிர்ந்த வாயுவை விடப் பிளாஸ்மாவில்தான் கற்றை கூடச் சக்தி இழக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பிழை என்று நினைத்து மாற்றி அடித்துவிட்டு, உங்களிடம் நல்லாக வாங்கிக் கட்டினேன். கட்டில்லாமல் திரிகிற இலத்திரன்கள்தான் கூடப் பறிக்கும் என்று அன்றைக்கு முழுக்கப் பாடம் நடத்தினீர்கள்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல, கற்றை கூட இழப்பது பிளாஸ்மாவிலா குளிர்ந்த வாயுவிலா என்று கேட்டேன். மனுசன் யோசிக்கக்கூட இல்லை. "இதென்ன அக்கா, சூடேறினா எல்லாம் இளகிப் போகும். குளிர்ந்ததிலதான் கூட இழக்கும்" என்று சிரித்தார். நான் செய்த அதே பிழை! அங்கே ஒரு மாதம் வேலை செய்த ஆளுக்கும் அந்தப் பிழை வராது.

ஆர் அனுப்பிய ஆள் என்று தெரியவில்லை. பொலிசோ, இயக்கத்துப் பெடியளோ. கற்றையால் எதையோ துளைக்கிற ஆள் என்றால், ஆயுதம் செய்கிறவர் என்றுதான் இரண்டு பக்கமும் நினைக்கும். பிடித்துக்கொண்டு போனால் உங்கள் பாடத்தைக் கேட்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நீங்கள் வருவதை ரபீகா ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தேன். கடவுளே, ஒரு நாள் முழுக்க அவள் தந்த கறியைக்கூட நான் தொடவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. நான் அவளுக்குச் சொன்னது சனிக்கிழமை. கலண்டர் பார்க்காமல் விஜயதசமியை வெள்ளிக்கிழமை என்று பிழையாக எழுதியது நீங்கள், அதுவும் போன கடிதத்தில் மட்டும். அந்தக் கடிதம் ஓரமெல்லாம் புதுப்பசையோடு வந்தது. மழையில் நனைந்திருக்கும், தபால்காரர் ஒட்டியிருப்பார் என்று அப்போது நினைத்தேன்.

அத்தான், வரவேண்டாம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஏடு தொடக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா கை பிடித்தால்தான் அரிசியில் எழுதுவேன் என்று உங்கள் மகள் அடம்பிடிக்கிறாள். அழுதாலும் பரவாயில்லை, நானே பிடித்து எழுதுவிப்பேன்.

அந்த ஆள் திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வந்தால் சும்மா வரமாட்டார், உங்களுக்கு எழுது என்று பக்கத்தில் நிற்பார். நானும் எழுதுவேன், பிள்ளை வீட்டில் இருக்கிறாளே. ஆகவே இனிக் கண்டியிலிருந்து என் கையெழுத்தில் "உடனே வாங்கோ" என்று கடிதம் வந்தால் நம்பவேண்டாம். மகளுக்குக் காய்ச்சல் என்று இருந்தாலும் நம்பவேண்டாம். எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று வேறு ஆட்கள் எழுதினாலும் வரவேண்டாம்.

வாங்கோ என்று எழுத எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதாமல் விட்டுக்கொண்டு வருகிறேன்.

கதிர்காமக் கந்தன் உங்களைத் தூரத்திலேயே வைத்துக் காக்கட்டும்.

உங்கள்
கமலாசனி