அடி பிடித்த பூத்தண்ணீர்

அன்பு மகள் ஒல்ஃபாவுக்கு வாப்பா எழுதுவது. ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நாபுலில் நானும் உன் உம்மாவும் நலம், மாண்ட்ரியலில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே இன்னும் பனி உருகவில்லை என்றாய், இங்கே ஜன்னலைத் திறந்தால் தேனீ உள்ளே வருகிறது. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் உம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், ஒரு விஷயம் உன் காதுக்குப் போகக்கூடாது என்று. இப்போது அவளே, எல்லாத்தையும் எழுது, விட்டுடாம எழுது என்று சொல்லிவிட்டாள். பொறுமையாகப் படி, நடுவில் போனை எடுத்து அழாதே, கதை நல்லபடியாகத்தான் முடிகிறது.

முதலில் தோட்டம். பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்த கை இப்போது கத்தரிக்கோல் பிடிக்கிறது, ரெண்டும் இரும்புதானே என்று இறங்கிவிட்டேன். திராட்சைக் கொடியை வெட்டினேன், கொஞ்சம் தாராளமாகவே வெட்டிவிட்டேன் போல, முடிவெட்டிக்கொண்ட பட்டாளத்துக்காரன் மாதிரி நிற்கிறது. அது உனக்கு என்ன பாவம் செஞ்சுச்சு என்று உன் உம்மா கேட்டாள். மரங்களுக்கு அடியில் சுண்ணாம்பு அடித்தேன், பாதி மரத்தில், பாதி என் செருப்பில். லெட்யூஸ் கீரை முழுவதும் நத்தைக்கு விருந்தாகிவிட்டது, மிளகாய் நாற்று மட்டும் சொன்ன பேச்சு கேட்டு வேர் பிடித்திருந்தது. இதற்கிடையில் ஏணிப் படி உடைந்து புதினாப் பாத்தியில் விழுந்தேன். பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, சேதமெல்லாம் புதினாவுக்குத்தான். மேலெல்லாம் புதினா மணக்க வீட்டுக்குள் வந்தேன், உன் உம்மா என்னைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பென்றால் வாசலிலேயே பிடித்திருப்பாள், எங்கே விழுந்தாய் என்று.

விஷயம் இதுதான் மகளே. குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது உன் உம்மாவின் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எந்த வாசனையும் தெரியவில்லை, பூண்டும் தெரியவில்லை, மண்ணெண்ணெயும் தெரியவில்லை. ஒருநாள் கேஸ் அடுப்பைச் சரியாக மூடாமல் விட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியிலிருந்து வந்தவன் ஓடிப்போய் மூடினேன், அன்று பதறிப்போனேன். டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்கிறார், அதைச் சொல்லவா படித்தார் என்று எனக்கு ஆத்திரம். தெருவில் யார் நாரத்தைப் பூவைக் காய்ச்சிப் பூத்தண்ணீர் இறக்கினாலும் முதல் குப்பியை உன் உம்மாவிடம்தானே கொண்டு வருவார்கள், அவள் ஒரு தடவை மோந்து பார்த்து நல்லது என்றால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். இந்த வசந்தத்தில் குப்பியோடு வந்தவர்களிடமெல்லாம் தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். எதையும் ருசி பார்க்காமல் சமைத்தாள், என் முகத்தைப் பார்த்தே உப்பு கூடவா குறைவா என்று தெரிந்துகொண்டாள், நானும் எல்லாமே பிரமாதம் என்று விழுங்கினேன். நம் நாரத்தை மரம் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்தது. நாம காய்ச்ச வேணாம், பூவைச் சந்தையில போட்டுடு, எனக்கு எதுக்கு அது, வெறும் தண்ணிதானே என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பூ காய்ச்சாத வசந்தம் இல்லை, நானே காய்ச்சுகிறேன் என்று கிளம்பினேன்.

மரத்தடியில் துணி விரித்துப் பூவை உதிர்த்தேன், பரணில் இருந்த செப்புப் பானையை இறக்கித் துலக்கினேன், முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பூவும் தண்ணீருமாக ஏற்றினேன். அடுத்த வீட்டு சல்லூஹா மதில் மேல் தலையை நீட்டி, மீசை வெச்ச மெக்கானிக் பூ காய்ச்சுனா அதுல டீசல் வாசம்தான் வரும் என்றாள். சொன்னாளே தவிர, ஆவி வெளியே போகாமல் இருக்க மாவு பிசைந்து துணியில் தடவி மூடியைச் சுற்றிக் கட்டியதெல்லாம் அவள்தான், ரொம்ப நல்ல மனுஷி. ஆவியைக் குளிர வைக்கிற மேல்தட்டுத் தண்ணி சூடாச்சுன்னா மாத்து, தீயைக் குறைச்சே வை, அந்த இடத்தை விட்டு நகராதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டு தன் அடுப்பில் இருந்த ரொட்டியைப் பார்க்கப் போனாள். நானும் நகரவில்லை. பூத்தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அதே சல்லூஹாவின் கோழிகள் மதில் தாண்டி வந்து என் மிளகாய்ப் பாத்தியைக் கிளற ஆரம்பித்தன. நீயாக இருந்தால் சும்மா இருப்பாயா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். ஒன்றை விரட்டினால் இன்னொன்று வருகிறது, அதிலும் அந்தச் சிவப்புக் கோழி என்னைப் பார்த்து முறைக்கிறது. பானை ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். உன் உம்மா கடைசி அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். யா தாஹர், அடி பிடிக்குது, பூ கருகுது, மூக்கு இருக்கா இல்லையா உனக்கு என்று கத்தினாள். எனக்கு வந்ததே கோபம், தெரியும்டி, வர்றேன்ல என்று நானும் கத்தினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் அவள் வாசற்படியில் நிற்கிறாள், கையில் என் சட்டை, பாதி மடித்தபடி. நான் அவளைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். நான் இப்ப என்ன சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டாள். கருகுதுன்னு சொன்னே என்றேன். நேராக வந்து பானையின் மேல் குனிந்தாள், அந்தக் கருகிய நாற்றத்தை மூச்சு முட்ட இழுத்து இருமினாள், மறுபடி இழுத்தாள். நாறுது, தாஹர், எப்படி நாறுது பாரு என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு என் சட்டையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதில் எனக்கென்ன வெட்கம். கோழிகள் மிச்சமிருந்த மிளகாய் நாற்றைத் தின்றுவிட்டன, தின்னட்டும், அதுகளுக்கு ஹலால்.

பூவின் வாசம் இன்னும் வரவில்லை, அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னாள். கருகல், காபிக்கொட்டை, என் வேலைச் சட்டை, இப்படி முரட்டு வாசனைகள் மட்டும் வருகின்றன. வர ஆரம்பித்தால் மெல்ல மெல்ல மற்றதும் வரக்கூடும் என்கிறார் டாக்டர், அந்த ஆளை இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது. உன் உம்மா காலையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்கை நுழைக்கிறாள், சீரகம் தெரிந்த அன்று தெருவுக்கே கேட்கும்படி குரவையிட்டாள். அல்ஹம்துலில்லாஹ், இதைவிட வேறென்ன வேண்டும் நமக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் ஸலாம் சொல். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைக் கொட்டட்டும். அடுத்த வாரம் அங்கே வரும் சல்லூஹாவின் மருமகளிடம் அந்தக் கருகிய பூத்தண்ணீரில் ஒரு சின்னக் குப்பி கொடுத்தனுப்புகிறோம். அதை ஓடையில ஊத்து என்று சல்லூஹா சொன்னாள், உன் உம்மா பிடுங்கித் தானே மூடி போட்டு, நூல் கட்டி வைத்திருக்கிறாள். பலகாரத்தில் ஊற்றிவிடாதே, வீணாகிவிடும். திறந்து ஒரு தடவை மோந்து பார், பிறகு உடனே உம்மாவுக்குப் போன் போட்டு எவ்வளவு மோசமாக நாறுகிறது என்று அவளிடம் சொல். அவளுக்குத் தெரியும், ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டுமாம்.

உன் வாப்பா,
தாஹர்